தினை மட்டும் போதுமா? கூண்டில் வளரும் பட்ஜிகளுக்கான தீனி பற்றி

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொன்னபடி தினை மட்டும் வைத்துவருகிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில் தயிர்சாதமும் முறுக்குத் துண்டும் ஊட்டுகிறார்கள். பட்டர் ஃப்ரூட் கொடுக்கலாமா என்று மகள் கேட்கிறாள். கீரை வைத்தால் பறவைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டர் ஃப்ரூட்டுக்கான பதில் காத்திருக்கக் கூடாதது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு துணுக்குகூடக் கொடுக்க வேண்டாம். மற்றவற்றுக்குச் சற்று விரிவான பதில் தேவைப்படுகிறது. ஏனென்றால் நம் வீடுகளில் இந்தப் பறவைகள் நஞ்சு தின்று சாவதைவிட, நல்லதென்று நம்பிக் கொடுக்கும் ஒரே தீனியைத் தின்று மெல்ல மெல்ல நலிந்து சாவதே அதிகம் என்பது என் பல ஆண்டு அனுபவம்.

தமிழ்நாட்டுக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜிகள்தாம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, சற்றுப் பருத்த, குட்டை வால் கொண்ட வேறு பறவை. பட்ஜியோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தைச் சேர்ந்த சிறு கிளி; 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பிறகே உலகெங்கும் கூண்டுப் பறவையாகப் பரவியது. தன் சொந்த நிலத்தில் அது மழையைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பறந்து, தரையில் நடந்து, புல் விதைகளைப் பொறுக்கித் தின்னும். அந்த விதைகளில் காய்ந்தவையும் உண்டு, பால் பிடிக்கும் பருவத்தில் உள்ள பச்சைக் கதிர்களும் உண்டு; அவற்றைத் தேடி அது ஒரு நாளில் பறக்கும் தொலைவும் அதிகம். நாம் அந்தப் பழக்கத்தில் காய்ந்த விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, பச்சையையும் பறத்தலையும் விட்டுவிட்டோம். (உங்கள் கேள்வியைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில் நம் ஊர்ப் பச்சைக்கிளியை வைத்திருந்தால், அதை வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடைக்குள் வராது.)

தீனியின் வகைக்குப் போகுமுன் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்ஜி விதையை அப்படியே விழுங்குவதில்லை. அலகின் இடுக்கில் விதையை வைத்து நாக்கால் உருட்டி, உமியை உரித்துக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டு, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்னும். ஆகவே காலையில் நிரப்பிய கிண்ணம் மாலையிலும் நிரம்பியே தெரியும். ஆனால் மேலே கிடப்பது வெறும் உமி. நான் பறவை வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் மூன்று நாள் வெளியூர் போனபோது, பக்கத்து வீட்டுப் பையன் தினமும் எட்டிப் பார்த்து, “கிண்ணம் நிறைய இருக்கு அண்ணா” என்று தொலைபேசியில் சொன்னான். திரும்பி வந்தபோது ஒரு பறவை கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை அது இல்லை. கிண்ணத்தை எடுத்து ஒரு முறை ஊதினேன். உமி பறந்தது, அடியில் நாலைந்து விதைகள் கிடந்தன. இவ்வளவு சிறிய பறவைக்கு ஒரு நாள் முழுப் பட்டினியே உயிர்க்கேடு. தினமும் இருமுறை கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய் ஊதிப் பார்த்துவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி விதை போதும்.

தினை நல்ல தீனிதான், அதில் தவறில்லை. அதோடு பனிவரகு, சாமை, குதிரைவாலி, கொஞ்சம் கம்பு, கிடைத்தால் கேனரி விதை என்று கலந்து வைப்பது இன்னும் நல்லது. மளிகைக் கடையில் மனிதர்களுக்காக விற்கும் தினை அரிசியும் சாமை அரிசியும் உமி நீக்கப்பட்டவை. அவற்றைத் தின்பதால் தீங்கில்லை என்றாலும், உமி நீங்கிய தானியம் விரைவில் சிக்கு வாசம் பிடித்துவிடும், பறவைக்கு உரிக்கும் வேலையும் இல்லாமல் போகும். உமியோடு இருக்கும் தினையையே வாங்குங்கள். வாங்கியதில் ஒரு சிட்டிகையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். மூன்று நாளில் பெரும்பகுதி முளைத்தால் அது உயிருள்ள தானியம், முளைக்காவிட்டால் கிட்டங்கியில் நெடுநாள் கிடந்து செத்த சரக்கு.

விதை முளைக்க வேண்டும் என்றதும் சிலர் உரக்கடைக்குப் போய் விதைத் தானியம் வாங்கிவிடுகிறார்கள். அது பெரும் ஆபத்து. விதைப்புக்கென்று விற்கப்படும் தானியம் பூஞ்சணக்கொல்லியால் விதைநேர்த்தி செய்யப்பட்டிருக்கும். பல நேரங்களில் அடையாளத்துக்காக இளஞ்சிவப்போ பச்சையோ சாயமும் ஏற்றியிருப்பார்கள். சாயம் இல்லை என்பதால் மருந்தும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதன் பிறகுதான் உண்டானது. ஆகையால் பச்சை நிலக்கடலையை நான் பட்ஜிக்குக் கொடுப்பதே இல்லை. வரகிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகைத் தின்றால் தலை கிறுகிறுக்கும் என்பது நம் மக்களுக்குப் பழைய செய்தி. கிறுக்கு வரகு என்றே அதற்குப் பெயர். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்ததும் பூஞ்சண நஞ்சேறிய வரகுப் பயிரைத் தின்றதோடு தொடர்புபடுத்தப்பட்டது. யானைக்கே அந்தக் கதி என்றால் பட்ஜியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தானியத்தை முகர்ந்து பார்த்துப் புழுங்கல் நாற்றமோ, தொட்டால் ஈரப்பிசுபிசுப்போ, கட்டியோ, நூலாம்படையோ தெரிந்தால் பறவைக்கு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

இனி, தினை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. காய்ந்த விதையில் வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, அயோடினும் போதாது. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுப் பாதை ஆகியவற்றின் உட்தோல் தடித்துக் காய்ந்து, கிருமிகள் எளிதில் குடியேறும். மூக்கு ஒழுகும், தும்மல் விடாது, நாம் அதைச் சளி என்று எண்ணி மருந்துக்கு அலைவோம். சுண்ணாம்பு குறைந்தால் பெட்டை முட்டையை வெளித்தள்ள முடியாமல் தவித்து இறக்கும். அயோடின் குறைந்தால் கழுத்தில் தைராய்டு வீங்கி மூச்சுக் குழாயையும் தீனிப்பையையும் அழுத்தும். மூச்சு விடும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தம் வருவதும், தின்றதைக் கக்குவதும் அதன் அடையாளங்கள். இவை எல்லாம் ஓரிரு மாதத்தில் தெரிவதில்லை. ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை வாழக்கூடிய பறவை மூன்றாம் ஆண்டில் இறக்கும்போது “அதன் ஆயுள் அவ்வளவுதான்” என்று நாம் ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். கடைக்காரர்கள் பரிந்துரைக்கும் சூரியகாந்தி விதை இந்தக் குறைகளைத் தீர்க்காது. அதில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் பறவைக்கு அதைத் தினமும் கொடுத்தால் மார்பில் கொழுப்புக் கட்டியும் ஈரலில் கொழுப்பும் சேரும். கையில் வந்து உட்காரப் பழக்கும்போது பரிசாக ஒன்றிரண்டு விதை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

குறையை நிரப்ப நம் கொல்லையிலேயே சிறந்த பொருள் இருக்கிறது: முருங்கைக்கீரை. வைட்டமின் ஏயாக உடலில் மாறும் பொருளும் சுண்ணாம்பும் ஒருசேர நிறைந்த கீரை அது. ஒரு சிறு கொத்தைக் காம்போடு கூண்டில் கட்டித் தொங்கவிட்டால் போதும். கொத்தமல்லித் தழையும் நல்லது. பாலக்கீரை, முளைக்கீரை போன்றவற்றில் ஆக்சாலிக் அமிலம் கூடுதலாக இருப்பதால் அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கொடுத்தால் கெடுதல் இல்லை, தினசரிக் கீரையாக அவற்றை வைக்க வேண்டாம். துருவிய கேரட், வேகவைத்த பரங்கிக்காய், உள்ளே செம்மஞ்சள் நிறம் கொண்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, குடைமிளகாய், ப்ரோக்கோலி, இளஞ்சோளக் கதிர் எல்லாம் கொடுக்கலாம். வெள்ளரிக்காயில் நீர்தான் அதிகம். கோடையில் நல்லது, சத்துக்கு அதை நம்ப முடியாது. சந்தையில் வாங்கும் கீரையில், குறிப்பாகக் கறிவேப்பிலையில், பூச்சிமருந்து தங்கியிருக்கக்கூடும் என்பதால் ஒரு பாத்திரம் நிறைய நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிக் கொடுங்கள். சொந்தத் தொட்டியில் வளர்த்ததானால் கவலையே இல்லை. கிண்ணத்தில் எஞ்சும் தினையை ஒரு தொட்டியில் தூவிவிட்டால் இரண்டு வாரத்தில் வரும் பசும்புல்லை அவை மிக விரும்பித் தின்னும்.

மிளகாய் கொடுக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். கிளி மிளகாய்ப்பழம் தின்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரத்தை உணரவைக்கும் நரம்பு உணரி பறவைகளிடம் வேறுவிதமாக அமைந்திருப்பதால் அவற்றுக்கு அது உறைப்பதே இல்லை. சிவந்த பழமிளகாயில் வைட்டமின் ஏயும் நிறைய. கொடுத்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்காமல் இருந்தால் சரி.

பழங்களில் கொய்யா, பப்பாளி, மாதுளை, மாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள் எதுவும் தீங்கில்லை. ஆனால் ஆஸ்திரேலியப் புல்வெளிப் பறவைக்குப் பழச் சர்க்கரை பழக்கமில்லாதது. கட்டைவிரல் நகத்தளவுத் துண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆப்பிள், பேரிக்காய், பீச், செர்ரி ஆகியவற்றின் விதையிலும் கொட்டையிலும் செரிமானத்தின்போது சயனைடாக மாறும் பொருள் இருப்பதால் அவற்றைக் கட்டாயம் நீக்க வேண்டும். கொய்யா, பப்பாளி, மாதுளை விதைகளால் அந்தத் தொல்லை இல்லை.

சுண்ணாம்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் உள்ளோடுதான் அது, விலையும் குறைவு. மென்மையான பக்கம் பறவையை நோக்கி இருக்கும்படி கூண்டில் கட்டிவிட்டால் வேண்டியபோது கொறித்துக்கொள்ளும், அலகும் தேயும். அயோடின் சேர்த்த மினரல் பிளாக் (தாது உப்புக் கட்டி) ஒன்றையும் அதன் அருகே மாட்டிவிடுங்கள். மணலும் கல்லும் வைக்க வேண்டும் என்று சொல்வார்கள். உமியோடு விழுங்கும் புறாவுக்கும் கோழிக்கும் அது தேவை, உமி நீக்கித் தின்னும் பட்ஜிக்குத் தேவையில்லை. நோயுற்ற பறவை அளவுக்கு மீறிக் கல்லைத் தின்று குடல் அடைத்துப்போவதும் உண்டு. வெந்த முட்டையை நன்றாக மசித்து அரைத் தேக்கரண்டி வைப்பது இறகு உதிர்க்கும் காலத்திலும் குஞ்சு பொரித்த காலத்திலும் பெரும் உதவி. ஆனால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், நம் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். ஊறவைத்த தினை, முளைகட்டிய பாசிப்பயறு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்; புளித்த வாடை வந்தால் வைக்கக் கூடாது. குஞ்சு எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் இத்தகைய மென்தீனியை ஆண்டு முழுவதும் வைக்காதீர்கள். செழிப்பான காலம் வந்துவிட்டதென்று எண்ணிப் பெட்டை ஓயாமல் முட்டையிட்டுத் தளர்ந்துபோகும்.

கொடுக்கக் கூடாதவற்றுக்கு வருகிறேன். இங்கே ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். உங்கள் பட்ஜியின் எடை ஏறத்தாழ 35 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதைப்போல் 1,700 மடங்கு. அதாவது நீங்கள் அதன் அலகில் வைக்கும் ஒரு கிராம் பொருள், அவர் ஒரே வாயில் ஒன்றே முக்கால் கிலோ தின்றதற்குச் சமம். “துளியூண்டுதானே” என்ற சொல்லுக்கு இந்தப் பறவையிடம் பொருளே இல்லை.

பட்டர் ஃப்ரூட், அவகேடோ, வெண்ணெய்ப்பழம் மூன்றும் ஒன்றே. கொடைக்கானல் கீழ்மலையிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்து இப்போது எல்லா ஊர்ப் பழக்கடைகளிலும் கிடைக்கிறது. பெயரைக் கேட்டால் சாதுவாகத்தான் தோன்றும். அதிலுள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத் தசையைச் சிதைத்து, நெஞ்சுக்குள் நீர் கோக்கவைத்து, ஓரிரு நாளில் மூச்சுத் திணறலில் கொன்றுவிடும். பட்ஜிகளுக்கே கொடுத்துச் சோதித்து உறுதிப்படுத்திய உண்மை இது. பழம், தோல், கொட்டை, இலை எதிலும் விலக்கு இல்லை. சாக்லேட், காபி, டீ ஆகியவை இதயத்தை அளவுமீறித் துடிக்கவைத்து வலிப்பில் முடியும்; டம்ளர் விளிம்பில் வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பதைப் படம்பிடித்து மகிழ்வதை நிறுத்த வேண்டும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஊறவைக்காத, வேகாத ராஜ்மா போன்ற பருப்பு வகைகளில் குடலைப் புண்ணாக்கும் நஞ்சு உண்டு. பச்சை மரவள்ளிக் கிழங்கும் அதன் இலையும், தக்காளிச் செடியின் இலை தண்டும், பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் வேண்டவே வேண்டாம்.

முறுக்கு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட் ஆகியவற்றில் குற்றவாளி உப்பும் எண்ணெயும். ஒரு முறுக்குத் துணுக்கால் உடனே உயிர் போகாது; ஆனால் தினசரிப் பழக்கமானால் சிறுநீரகம் தாங்காது. தயிர்சாதத்தைப் பொறுத்தவரை, பறவைகளால் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாது, தயிரில் அது குறைவென்றாலும் உப்பும் தாளிப்பும் பெருங்காயமும் சேர்ந்தே வருகின்றன. பெரியவர்களின் கையைத் தடுப்பது சங்கடம் என்பது எனக்குத் தெரியும். உப்பில்லாத வெறும் சோற்றுப் பருக்கை நாலைந்தை அவர்களிடம் கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள். அவர்கள் மனமும் நோகாது, பறவைக்கும் கெடுதல் இல்லை. வாயில் மென்று உதட்டிலிருந்து ஊட்டுவதை மட்டும் எவருக்கும் அனுமதிக்காதீர்கள். நம் எச்சிலிலுள்ள கிருமிகள் நமக்குச் சாதாரணம், அதற்கு நோய்.

தீனியோடு நேரடியாகச் சேராத இரண்டை விட்டுவிட மனம் வரவில்லை. கூண்டில் குச்சி வைக்கும்போது கொய்யா, வேம்பு, முருங்கைக் கிளைகளைப் பயன்படுத்துங்கள். அரளிக் கிளையை மறந்தும் வைக்காதீர்கள், அதன் பட்டையைக் கொறித்தாலே இதயம் நின்றுவிடும். இரண்டாவது, நான்ஸ்டிக் தோசைக்கல். வெறுங்கல்லாக அடுப்பில் மறந்துபோய் 280 டிகிரி அளவுக்குச் சூடேறினால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை, பக்கத்து அறையிலிருக்கும் பறவையைக்கூடச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டு வீட்டில் இருக்கும்வரை பழைய இரும்புக் கல்லுக்குத் திரும்புவதே நல்லது. தோசையும் அதில்தான் நன்றாக வரும்.

தவறிப்போய் எதையாவது தின்றுவிட்டது என்று ஐயம் வந்தால் உப்புநீரோ எண்ணெயோ ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு, துணி போர்த்திய சிறு பெட்டியில் கதகதப்பாக வைத்து, பறவை பார்க்கும் மருத்துவரிடம் உடனே எடுத்துச் செல்லுங்கள். அருகில் யாரும் இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளை நாடலாம். பட்ஜி நோயை மறைக்கும் பறவை. இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்காரும்போது அது நோயின் தொடக்கமாக இருப்பதில்லை.

கடைசியாக, கீரையைத் தொடுவதில்லை என்ற குறை. குஞ்சாக இருந்தபோது பார்க்காத எதையும் அது தீனியாக மதிப்பதில்லை. பச்சை இலை அதற்கு வெறும் புதிய பொருள், ஏன், பயமுறுத்தும் பொருள். பசித்தால் தின்னட்டும் என்று விதையை எடுத்துவிடாதீர்கள். தெரியாத உணவைத் தின்பதைவிடப் பட்டினி கிடந்து சாவதை அது எளிதில் செய்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசில் இரண்டு நாளைக்கு ஒருமுறை எடை பாருங்கள். மூன்று நான்கு கிராம் குறைந்தால் புதிய முயற்சியை நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்குத் திரும்ப வேண்டும். காலையில் விதை வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கொத்தமல்லிக் கட்டு ஒன்றை நன்றாக நனைத்து, நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் உச்சியில், அவை வழக்கமாக உட்காரும் குச்சிக்கு அருகில் கட்டித் தொங்கவிடுங்கள். ஈர இலையில் உடலைத் தேய்த்துக் குளிப்பது பட்ஜிகளுக்குப் பிறவிப் பழக்கம். என் வீட்டில் இப்போதிருக்கும் ஜோடி முதல் ஐந்து நாள் எதிர் மூலையில் ஒண்டிக்கொண்டு அந்தக் கட்டையே முறைத்துக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் சேவல் மெல்ல நகர்ந்துவந்து தலையை இலைக்குள் நுழைத்துச் சிலிர்த்தது. குளித்து முடித்த பிறகு, அலகில் ஒட்டிய ஓர் இலைத் துணுக்கை நாக்கால் உருட்டிப் பார்த்தது, உமி இல்லையே என்று சற்றுக் குழம்பியது போலிருந்தது, பிறகு விழுங்கிவிட்டது. பெட்டை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கட்டில் காம்புகள் மட்டும் மிஞ்சின.